தலையா, கப்பலா?

வாசகர் கேள்வி – பதில்: ரோமச் செம்புக் காசுகள்

ரோமக் காசுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்துதான் கடிதங்கள் குவிந்தன. அதில் பாதிப் பேர் “எவ்வளவுக்குப் போகும்?” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறோம், கோபிக்க வேண்டாம்.

கே: எங்கள் பாட்டாவின் மரப்பெட்டியில் ஒரு செம்புக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் ஆங்கிலத்து ‘ஆர்’, ‘வி’ இரண்டும் பின்னிக்கொண்டு இருக்கின்றன. இது லத்தீன் எழுத்துதானே? – தக்கலை வாசகர்

ப: எழுத்து லத்தீன்தான், காசு ரோம் இல்லை. சங்கு திருவிதாங்கூரின் முத்திரை. ‘ஆர் வி’ என்பது ராம வர்மா. 1949-இல் கொச்சியோடு இணையும் வரைக்கும் உங்கள் ஊர் இருந்த சமஸ்தானத்தின் காசு அது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 448 காசு. பாட்டா பெட்டியில் இது இருப்பதுதான் இயல்பு. இதேபோல டச்சுக் கம்பெனியின் செம்புத் துட்டில் ‘வி ஓ சி’ என்று பின்னிய எழுத்தைப் பார்த்தும் பலர் ரோமுக்குப் போய்விடுகிறார்கள். சுலபமான ஒரு வடிகட்டி: காசில் 1, 2, 3 என்று நாம் எழுதும் எண்களில் வருடம் இருந்தால் அது ரோமக் காசே அல்ல. ரோமர்களிடம் அந்த எண்கள் கிடையாது, காசில் இப்படி ஆண்டு போடும் வழக்கமும் கிடையாது.

கே: எல்லாவற்றையும் ‘வெண்கலக் காசு’ என்கிறார்கள். படங்களில் சில மஞ்சளாகவும் சில சிவப்பாகவும் இருக்கின்றனவே? – மார்த்தாண்டம் வாசகர்

ப: சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். வெண்கலம் என்பது சோம்பேறித்தனமான பொதுப்பெயர். கி.மு. 23 வாக்கில் முதல் பேரரசர் அகஸ்டஸ் காசுகளை ஒழுங்குபடுத்தியபோது பெரிய காசான செஸ்டர்ஷியஸும் (சுமார் 25 கிராம்), அதில் பாதியான துபோண்டியஸும் (சுமார் 12.5 கிராம்) பித்தளையில் வந்தன. ஆஸ் (சுமார் 11 கிராம்), அதில் கால் பங்கு மதிப்புள்ள குவாட்ரன்ஸ் இரண்டும் செம்பு. ஒரு வெள்ளி தெனாரியஸுக்கு 4 செஸ்டர்ஷியஸ், அல்லது 8 துபோண்டியஸ், அல்லது 16 ஆஸ்.

துபோண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவு. புதிதாக இருந்தபோது ரோமர்கள் நிறத்தைப் பார்த்தே பிரித்திருப்பார்கள். மண்ணில் கிடந்து இரண்டும் பச்சையும் பழுப்புமாக ஆன பிறகு நிறம் உதவாது, தலையைப் பார்க்க வேண்டும். நீரோ காலம் முதல், பேரரசர் தலையில் சூரியக் கதிர் போல முட்கள் நீட்டிய முடி இருந்தால் துபோண்டியஸ், இலை மாலை இருந்தால் ஆஸ். அரசியின் தலை பொறித்த காசில் இந்த வழி அடைபட்டுவிடும்; அங்கே உலோகத்தைத்தான் நம்ப வேண்டும்.

அந்தப் பித்தளை நிலைக்கவில்லை. பழைய காசை உருக்கி மறுபடி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். அதனால் பின்னால் வந்த செஸ்டர்ஷியஸ்களில் துத்தநாகம் குறைந்து, வெள்ளீயமும் காரீயமும் கூடிக்கொண்டே போயின. 3-ஆம் நூற்றாண்டில் அந்தக் காசே நின்றுபோனது. கி.பி. 294 வாக்கில் டயோக்ளீஷியன் சுமார் 10 கிராமில், மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சுடன் புதிய செம்புக் காசு கொண்டுவந்தார். அதுவும் தேய்ந்து தேய்ந்து, நூறு வருடத்தில் புழக்கத்தில் மிஞ்சியது ஒரு கிராம் சுண்டைக்காய்க் காசு. தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமச் செம்புக் காசுகளில் பெரும்பாலானவை இந்தச் சுண்டைக்காய்தான்.

கே: ரோமக் காசில் கப்பல் படம் உண்டா? எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். – குளச்சல் வாசகர்

ப: உண்டாவா! பேரரசுக்கு முந்தைய குடியரசுக் காலத்தில் செம்புக் காசு என்றாலே கப்பல்தான். ஒரு பக்கம் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி. முழுக் கப்பல் இல்லை, அணியம் மட்டும். நாம் சுண்டிவிட்டுத் ‘தலையா, பூவா’ என்பதை ரோமப் பையன்கள் ‘தலையா, கப்பலா’ என்றே கேட்டார்கள். கப்பல் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை.

மதிப்பைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி அடையாளம் வைத்திருந்தார்கள். இரண்டு முகம் கொண்ட ஜேனஸ் தலையும் ஒரு செங்குத்துக் கோடும் இருந்தால் முழு ஆஸ். சாட்டர்ன் தலையும் ‘எஸ்’ எழுத்தும் என்றால் அரை. மினர்வாவுக்கு நான்கு புள்ளி, ஹெர்குலிஸுக்கு மூன்று, மெர்க்குரிக்கு இரண்டு, ரோமா தேவிக்கு ஒன்று. ஒரு புள்ளி என்பது ஓர் உன்சியா. 12 உன்சியா ஓர் ஆஸ். ‘அவுன்ஸ்’ என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

துறைமுகமே காசில் ஏறியதும் உண்டு. கி.பி. 64 வாக்கில் நீரோ வெளியிட்ட செஸ்டர்ஷியஸில் ஒஸ்தியா துறைமுகத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தூண்டில் வளைவு போல வளைந்த சுவர், நடுவில் பாய்மரக் கப்பலும் துடுப்புப் படகும், கீழே சுக்கானைப் பிடித்துச் சாய்ந்து கிடக்கும் நீர்த்தெய்வம். அச்சுக்கு அச்சு கப்பல்களின் எண்ணிக்கை மாறும். 35 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இத்தனையும். பையன்களுக்கு முதலில் இதன் படத்தைக் காட்டுங்கள்.

கே: ஒரு காசின் படத்தில் ஒரு பெண் கிண்ணத்தை நீட்ட, பாம்பு எழுந்து குடிக்கிறது. நாகராஜா கோயிலில் பால் வைப்பது நினைவுக்கு வருகிறது. தொடர்பு உண்டா? – நாகர்கோவில் வாசகி

ப: தொடர்பு இல்லை. ஆனால் உங்கள் கண் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. அந்தப் பெண் சாலுஸ், அதாவது உடல்நலம். பலிபீடத்தைச் சுற்றியோ தன் கையைச் சுற்றியோ எழும் பாம்புக்குத் தட்டையான கிண்ணத்தில் ஊட்டுகிறாள். பேரரசர் நோயில் விழுந்து எழுந்தாலும் இந்தப் படம் வரும், “நாட்டுக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்ல வேண்டியிருந்தாலும் வரும்.

ரோமக் காசில் பாம்பைக் கண்டால் அது எதைச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். நீண்ட கோலில் ஒற்றைப் பாம்பு என்றால், தாடி வைத்த மருத்துவத் தெய்வம் ஈஸ்குலாப்பியஸ். சிறிய கோலில் எதிரெதிரே இரண்டு பாம்பும் மேலே சிறகும் இருந்தால் அது மெர்க்குரியின் கோல். அதை ஏந்திய பெண் ஃபெலிசிட்டாஸ், நற்பேறு. 327-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் அடித்த ஓர் அரிய காசில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் கொடிக்கம்பம் பாம்பின் உடலைக் குத்தி நிற்கிறது. அங்கே பாம்பு தோற்ற பகைவன். முந்நூறு வருடம் நலம் தந்த பாம்பு அங்கே அடி வாங்குகிறது.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: “ஏன் எல்லாக் காசிலும் ஒரு பெண் நிற்கிறாள்?” லத்தீனில் அமைதி, நம்பிக்கை, நீதி போன்ற பண்புப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். அதனால் பண்பைப் படமாக்கினால் பெண்ணாகிவிடும். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, எல்லாம் ஒரே முகம். கையைப் பாருங்கள். தராசு என்றால் ஈக்விட்டாஸ் அல்லது மொனேட்டா. சுக்கான் என்றால் ஃபோர்ச்சுனா. ஒரு கையில் மொட்டு, மறுகையால் புடவைக் கொசுவத்தைத் தூக்குவதுபோல் ஆடையைத் தூக்கினால் ஸ்பெஸ், நம்பிக்கை. தூணில் முழங்கையை ஊன்றி ஓய்வாக நின்றால் செக்யூரிட்டாஸ். சிறகு இருந்தால் விக்டோரியா, வெற்றி. நம்மூர் மரக்கால் மாதிரி ஓர் அளவைப் பாத்திரத்தில் கதிர்கள் நீட்டிக்கொண்டு நிற்க, பக்கத்தில் கப்பல் அணியமும் இருந்தால் அன்னோனா. எகிப்திலிருந்து கப்பலில் வரும் தானியம் அவள் பொறுப்பு.

கே: இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் போகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியதாகப் படித்தோம். அப்படியானால் அந்தக் காசு ஏன் இங்கே கிடைப்பதில்லை? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். 5 கோடி செஸ்டர்ஷியஸைப் பித்தளையாகவே அனுப்பினால், ஒன்றுக்கு 25 கிராம் வீதம் 1,250 டன். தங்கமாக அனுப்பினால் 100 செஸ்டர்ஷியஸுக்கு ஓர் ஆரியஸ், ஆக 5 லட்சம் ஆரியஸ். ஒன்று 7.8 கிராம் என்று வைத்தால் 4 டன்னுக்கும் குறைவு. மிளகு வாங்க வருகிற வணிகன் எதை ஏற்றுவான்? செஸ்டர்ஷியஸ் என்பது அவர்கள் கணக்கு எழுதும் அலகு; கையில் கொண்டுவந்தது தங்கமும் வெள்ளியும். அதனால்தான் 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த புதையல் 501 தங்கக் காசுகள். கோவை வெள்ளலூரில் மூன்று முறை கிடைத்தவை வெள்ளி.

குமரித் துறையில் மக்கள் நீராடி நோன்பு இருப்பதையும், முன்பு ஒரு தேவி அங்கே நீராடியதாகச் சொல்லப்படுவதையும் எழுதி வைத்த முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்று உண்டு. முசிறிக்கு என்னென்ன வருகிறது என்ற பட்டியலில் அது நிறையப் பணத்தையும் சொல்கிறது, செம்பையும் சொல்கிறது. ஆனால் செம்பு வந்தது சரக்காக.

செம்புக் காசு பெருவாரியாக வந்தது 4, 5-ஆம் நூற்றாண்டுகளில். கரூர் அமராவதி மணலிலும், மதுரை வைகையிலும், அழகன்குளத்திலும், இலங்கையிலும் கிடைத்திருக்கிறது. அது ரோமப் பொருளாதாரத்தின் பெருமை பேசும் காசு இல்லை. இங்கே சில்லறைக்குத் தட்டுப்பாடு இருந்தபோது கடைத்தெருவில் புழங்கிய காசு. போதவில்லை என்று அதைப் பார்த்து இங்கேயே போலிகளும் அடித்தார்கள். அவற்றில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் இருக்கும்.

கே: மதுரையில் வாங்கிய 13 மி.மீ. காசு ஒன்று வைத்திருக்கிறேன். தேய்ந்திருக்கிறது. எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? – கருங்கல் வாசகர்

ப: எல்லோரும் தலையில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் பூப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். 4-ஆம் நூற்றாண்டுப் பேரரசர்களின் முகமெல்லாம் ஒரே வார்ப்பு. தேய்ந்த காசில் முகம் எதையும் சொல்லாது.

முதலில் அளவும் எடையும். வெர்னியர் அளவுகோலில் விட்டத்தைப் பாருங்கள். வடசேரி நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் வரை எடை பார்த்துவிடலாம். (தராசு மட்டும் போதும். நகைப் பட்டறை அமிலத்தில் ஒரு நொடி முக்கிக் காட்டுகிறேன் என்று சொன்னால் காசைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.) பட்டியல் நூல்களில் 25 மி.மீ.க்கு மேல் முதல் வகை, 21–25 இரண்டாம் வகை, 17–21 மூன்றாம் வகை, 17-க்குக் கீழ் நான்காம் வகை. உங்களுடையது நான்காம் வகை.

அடுத்தது வெளிச்சம். உச்சி விளக்கை அணைத்துவிட்டு, காலையிலோ மாலையிலோ சன்னலோரத்தில், வெளிச்சம் காசின் விளிம்பை உரசிப் போகும்படி வையுங்கள். காசை நகர்த்தாமல் அடியிலிருக்கும் தாளைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் எழுந்து நிற்கும்.

இனி படம். இரண்டு படைவீரர்கள் நடுவே இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330–335. ஒரே கம்பம் என்றால் 335-க்குப் பின், 341 வரை. ஓநாயிடம் இரண்டு குழந்தைகள் பால் குடித்தால் 330-களில் ரோம் நகரைப் போற்றி அடித்த காசு. சிறகுப் பெண் கப்பல் அணியத்தில் நின்றால் அதன் ஜோடியாக, கான்ஸ்டான்டிநோப்பிளைப் போற்றி அடித்த காசு. குதிரையிலிருந்து விழுகிறவனை வீரன் ஈட்டியால் குத்தினால் 348-க்குப் பிந்தியது. இலை வளையத்துக்குள் வெறும் எழுத்து இருந்தால், இத்தனை ஆண்டு ஆட்சிக்காகச் செய்த நேர்ச்சை. சிறகுப் பெண் தோளில் வெற்றிச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு கைதி ஒருவனை இழுத்துப் போனால் 388-க்குப் பிந்தியது. தியோடோசியஸ், அர்க்காடியஸ், ஹொனோரியஸ் காலம். 13 மில்லிமீட்டர் என்று நீங்கள் சொன்னதுமே எங்கள் சந்தேகம் கடைசி இரண்டின் மேல்தான்.

பிறகு படத்துக்குக் கீழே கோடு போட்டுப் பிரித்த சிறு இடம். அச்சுக்கூடத்தின் விலாசம் அங்கே இருக்கும். ‘ஏ என் டி’ அந்தியோக், ‘ஏ எல் இ’ அலெக்சாந்திரியா, ‘எஸ் எம் கே’ சிசிக்கஸ், ‘எஸ் எம் என்’ நிக்கோமீடியா. ஒரு குழி உண்டு, கவனம்: ‘சி ஓ என் எஸ்’ என்று தொடங்கி, கடைசியில் பட்டறை எண்ணாக ஒரு கிரேக்க எழுத்து வந்தால் கான்ஸ்டான்டிநோப்பிள். முன்னால் ‘பி’ அல்லது ‘எஸ்’ வந்து, பின்னால் ‘சி ஓ என் எஸ் டி’ என்றிருந்தால் பிரான்சிலுள்ள ஆர்ல். அந்த ஊருக்குச் சில காலம் கான்ஸ்டன்டினா என்று பெயர். பழகியவர்களும் இங்கே வழுக்குவார்கள். சிறிய காசில் அச்சுக்கூட எழுத்துப் பாதி வெளியே போயிருக்கும். ஒரே எழுத்துதான் தெரிகிறது என்றால், அந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிட்டு நிறுத்துங்கள். மீதியை ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

கடைசியில் தலைப்பக்கம். எழுத்து இடது தோளருகே தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். ‘டி என்’ என்றால் ‘நம் ஆண்டவர்’, முடிவில் ‘பி எஃப் ஏ வி ஜி’ என்றால் ‘பக்தியும் பேறும் உடைய அகஸ்டஸ்’. நடுவிலிருப்பது பெயர். ‘யு’ எழுத்தைத் தேடாதீர்கள், அதற்கும் ‘வி’தான். தலையில் முத்துக் கோத்த பட்டம் இருந்தால் காசு சுமார் 325-க்குப் பிந்தியது.

கே: எங்களுக்குக் காட்டிய ஒரு ரோமக் காசில் கிறிஸ்துவின் அடையாளம் இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமா இங்கே வந்ததற்கு இது சான்றாகுமா? – திருவிதாங்கோடு வாசகர்

ப: ஆகாது. தோமா வந்த ஆண்டாக மரபு சொல்வது கி.பி. 52. ‘எக்ஸ்’ போன்ற எழுத்தின் நடுவில் ‘பி’ போன்ற எழுத்து நிற்கும் அந்த அடையாளம், கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து. பேரரசின் சின்னமாக அது எழுந்தது 312-இல் கான்ஸ்டன்டைன் ரோமைக் கைப்பற்றியதற்குப் பிறகு. அதற்குப் பின்னும் சில வருடம் அவருடைய செம்புக் காசுகளில் நின்றது சூரிய தேவன்தான். காசின் ஒரு பக்கத்தையே நிறைத்து அந்த அடையாளத்தைப் பெரிதாகப் பொறித்தவர் மக்னென்ஷியஸ், 353-இல். கைதியை இழுக்கும் விக்டோரியாவின் பக்கத்தில் சிறியதாக இருப்பதுதான் நீங்கள் பார்த்ததாக இருக்கும். அது 4-ஆம் நூற்றாண்டின் கடைசி. தோமாவின் மரபு இந்தக் காசை நம்பி நிற்கவில்லை, அதனால் அதற்கு இழப்பும் இல்லை.

கே: குத்துவிளக்கு விளக்குவதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா? – சுசீந்திரம் வாசகி

ப: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கில் அழுக்கு மேலே, உலோகம் கீழே. பழங்காசில் அப்படி இல்லை. 1,600 வருடத்தில் மேல் உலோகமே கெட்டிப்பட்ட பச்சைத் தோலாக மாறியிருக்கிறது. மூக்கும் எழுத்தும் இருப்பது அந்தத் தோலில்தான். புளியின் அமிலம் தோலைக் கரைத்தால் அடியில் மிஞ்சுவது குழிவிழுந்த சிவப்புத் தகடு. உப்பு அதைவிட மோசம், ஏன் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள். எலுமிச்சை, வினிகர், கோலா எல்லாம் இதே கணக்கு. ஆலிவ் எண்ணெயில் ஊறவைப்பது பழைய யோசனை. எண்ணெய் சிக்குப் பிடித்து அமிலமாகி அதுவும் மெதுவாக அரிக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் 200 மில்லி, ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு காசு. முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு வாரம் ஒரு முறை. மண் இளகியதும் மூங்கில் பல்குச்சியின் நுனியை ஈரமாக்கி, பெரிதாக்கும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு கிளறுங்கள். ஊசி கூடாது. மண் பழுப்பாக உதிரும் வரைக்கும் நல்லது. செந்நிறம் பளிச்சென்றால் தோலைத் தாண்டிவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, கிணற்றுத் தண்ணீரிலும் கடலோரத்தில் உப்பு உண்டு. இரண்டும் வேண்டாம். இரண்டு மாதம் ஆகலாம். அவசரக்காரர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கு வரக்கூடாது.

கே: சுத்தமாக இருந்த காசில் மழைக்காலம் வந்ததும் வெளிர்பச்சைத் தூள் பூக்கிறது. துடைத்தால் திரும்ப வருகிறது. – முட்டம் வாசகர்

ப: இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். மண்ணிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாகி, கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விடுகிறது. அந்த அமிலம் அடுத்த உலோகத்தைத் தின்று மறுபடி அதே குளோரைடைச் செய்கிறது. அதனால்தான் துடைத்தாலும் வருகிறது. உலோகம் தீரும் வரைக்கும் வரும்.

முதலில் நோய்தானா என்று பாருங்கள். நல்ல பச்சை கெட்டியாக இருக்கும், நகத்தால் வராது. நோய் மாவுபோல் உதிரும். ஐயம் இருந்தால், ஈரப்பஞ்சு போட்ட மூடிய டப்பாவில், பஞ்சில் படாமல் ஒரு நாள் வைத்தால் புதுப் புள்ளிகள் எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நோய்தான் என்றால், தூளை மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, காரக் குளியல் தர வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் படிகநீர் இல்லாத சலவைச் சோடா 24 கிராம், ஆப்பச்சோடா 19 கிராம். படிகமாக இருக்கும் சலவைச் சோடா என்றால் பாதிக்குமேல் தண்ணீர்தான், 64 கிராம் எடுங்கள். வாரம் ஒரு முறை கரைசலை மாற்றிக்கொண்டு சில மாதம் ஊறட்டும். தோலின் நிறம் லேசாக மாறலாம். அதைத் தவிர்க்க முடியாது. குளோரைடு தீர்ந்ததா என்று பார்க்கக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவி கேளுங்கள். ஊறிய நீரில் நைட்ரிக் அமிலத்தை விட்டுக் காரம் போனபின் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. பால்போல் கலங்கினால் இன்னும் இருக்கிறது. அமிலம் விடாமல் சொட்டினால் சோடாவே கலங்கிவிட்டு உங்களை ஏமாற்றும்.

பிறகு வடித்த நீரில் சில நாள் அலசி, அசிட்டோனில் முக்கி எடுத்து நன்றாக உலர்த்தி, நுண்படிக மெழுகு மெல்லிசாகப் பூசுங்கள். பென்சோட்ரையசோல் பூச்சும் உண்டு. அது உடம்புக்கு ஆகாத பொருள். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டில் தொட வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும் காசை வைக்கும் இடம் சரியில்லை என்றால் நோய் திரும்பும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும், மூன்று கடலும் வீசும் மாவட்டத்தில் அலமாரிக்குள் அது நடக்காது. காற்றுப்புகாத டப்பா, ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. நீல மணி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். நோய் கண்ட காசைத் தனி டப்பாவில் வையுங்கள். அது தொற்றுநோய் அல்ல, ஆனால் உதிரும் தூளில் குளோரைடு இருக்கிறது. மெத்தென்று வளையும் பி.வி.சி. உறையையும் இன்றே கழற்றுங்கள். அதிலிருந்து வரும் வழவழப்பும் பச்சைதான், அதையும் நோய் என்று நினைத்துப் பலர் ஓடி வருகிறார்கள். பாலியெஸ்டர் உறை சரி.

கே: கடற்கரையில் ஒருவர் ‘சீசர் காசு’ என்று உள்ளங்கை அகலத்தில் பச்சைக் காசுகள் விற்கிறார். வாங்கலாமா? – கன்னியாகுமரி வாசகர்

ப: சங்கு வாங்குங்கள். காசு வேண்டாம். இருந்தாலும் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ரோமக் காசு சுத்தியலால் அடிக்கப்பட்டது, போலி பெரும்பாலும் வார்க்கப்படுகிறது. அடித்த காசில் எழுத்தின் ஓரம் நேராக எழும், விளிம்பில் சிறு வெடிப்பு விழுந்திருக்கும். வார்த்ததில் எழுத்து கரைந்த சோப்புபோல் இருக்கும், முகத்தில் ஊசிமுனைக் குமிழ், விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு அல்லது அதை அராவிய தடம். அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பச்சை பஞ்சுக்கு வந்தால் அது வண்ணப்பூச்சு. காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. எல்லாவற்றையும்விட எளிது: அவர் தட்டில் உள்ள இரண்டு காசை அடுத்தடுத்து வையுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுக்குழியின் பிள்ளைகள்.

கே: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சிறு பானையில் காசுகள் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? – ஆரல்வாய்மொழி வாசகர்

ப: தோண்டுவதை நிறுத்துங்கள். பானையைக் கவிழ்க்காதீர்கள், உடைந்திருந்தால் ஓட்டையும் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து வையுங்கள். எத்தனை அடி ஆழம், எந்த மூலை என்று எழுதி, அளவுகோலோடு படம் எடுங்கள். ஒரு காசைக்கூடக் கழுவ வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி. உங்களுக்கு நாகர்கோவில் அலுவலகம். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. புதைத்தவரின் வாரிசு என்று யாரும் வராதபோது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்பது சட்டத்தின் கணக்கு. அரசே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவும் கூடாது. தனியாக ஒரு காசைவிட, பானையோடு இருக்கும் காசுக்கூட்டம் அதிகம் பேசும்: எந்தெந்தப் பேரரசர் வரை இருக்கிறார், எந்த அச்சுக்கூடம் எத்தனை என்பதிலிருந்துதான் புதைத்த காலத்தைக் கணிக்க முடியும். உறவுக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்து கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

கே: எவ்வளவுக்குப் போகும்? – பலர்

ப: தேய்ந்த நான்காம் வகைக் காசு லட்சத்துக்குப் போகாது. அவற்றைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள், இன்றும் ஏராளமாக இருக்கின்றன. அச்சுக்கூட எழுத்து முழுதாக இருந்தால் கூடும், தோல் கலையாமல் இருந்தால் கூடும், புளி போட்டிருந்தால் குறையும்.

கே: ஒரு காசில் ஒரு பக்கம் தலை மேலே எழும்பி இருக்கிறது. மறுபக்கமும் அதே தலை, ஆனால் குழிந்து, திரும்பிப் பார்க்கிறது. போலியா? – குழித்துறை வாசகர்

ப: போலி அல்ல, அவசரம். தலை அச்சு கீழே பட்டடையில் இருக்கும். பூ அச்சைக் கையில் பிடித்து மேலே வைத்து, நடுவில் சூடான வில்லையை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அடித்த காசு மேல் அச்சில் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டால், அதற்குப் பூ அச்சு கிடைக்காது. ஒட்டியிருக்கும் காசின் தலை குழிவாகப் பதியும். அதன் எடையையும் விட்டத்தையும் எழுதி, இரண்டு பக்கப் படத்தோடு அனுப்புங்கள். எழும்பிய பக்கத்தில் எழுத்து தேய்ந்திருந்தால், குழிந்த பக்கத்தைக் கண்ணாடியில் காட்டிப் படியுங்கள். புழக்கத்தில் தேயாமல் தப்பிய எழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.